மதிய உணவு மேசையில் யாருக்கு இடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில், விடுமுறையில் பிள்ளைகள் பார்க்கத்தக்க ஆங்கிலப் படங்கள் என்று வெளிவந்த பட்டியலில் 2004ஆம் ஆண்டின் ‘மீன் கேர்ள்ஸ்’ (Mean Girls) படமும் இடம்பெற்றிருந்தது. வசதியான வீட்டு மாணவியர் ஒருவரையொருவர் கவிழ்த்துக்கொள்ளும் கலகலப்பான படம் என்ற அளவில் அதற்கான அறிமுகம் முடிந்துவிட்டது. மேல்நிலைப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையிலும், அந்தப் படத்தைப் பேத்தியோடு ஒருமுறையும் தனியாகச் சில முறையும் பார்த்தவள் என்ற முறையிலும், அந்த அறிமுகம் போதாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஒரு பள்ளிக்குள் யாருக்கு மதிப்பு, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், அதைத் தீர்மானிக்கும் உரிமை எப்படி ஒரு சிலர் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் அந்தப் படத்தின் பொருள். இதை விட்டுவிட்டுப் பார்த்தால் ரெஜினா ஜார்ஜ் என்ற கெட்டிக்காரக் கெட்ட பெண்ணின் கதை மட்டுமே கையில் மிஞ்சும். நம் பிள்ளைகளும் அவளுடைய உடைகளை மட்டுமே நினைவில் வைத்திருப்பார்கள்.

படம் எதிலிருந்து பிறந்தது என்பதையே முதலில் சொல்லியிருக்க வேண்டும். இதற்கு மூலமாக இருந்தது நாவல் அன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் வளரிளம் பெண்களுக்கு வகுப்புகள் நடத்திவந்த ரோசலிண்ட் வைஸ்மன், அந்த அனுபவத்தைக் கொண்டு பெற்றோருக்காக எழுதி 2002இல் வெளியிட்ட வழிகாட்டி நூல். அதில் கதை என்று எதுவும் கிடையாது. ஒரு தோழியர் குழுவுக்குள் தலைவி, அவளுக்கு வலக்கை, எல்லாருடைய இரகசியங்களையும் சேர்த்துவைத்து வேண்டும்போது வெளியே எடுப்பவள், செய்தி சுமப்பவள், எப்படியாவது உள்ளே நுழையத் துடிப்பவள், அடி வாங்குவதற்கென்றே ஒருத்தி என்று இருக்கும் இடங்களை அது விவரிக்கிறது. தொலைக்காட்சியின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் தலைமை எழுத்தாளராக இருந்த டினா ஃபே அந்த இடங்களுக்குப் பெயரும் முகமும் கொடுத்துத் திரைக்கதையாக்கினார். மார்க் வாட்டர்ஸ் இயக்கினார். லிண்ட்சே லோஹனும் ரேச்சல் மெக்கடம்ஸும் முக்கியப் பாத்திரங்களில் நடிக்க, கணித ஆசிரியையாக டினா ஃபேயே வருகிறார். கதாபாத்திரங்களுக்கு முன்பே இடங்கள் வகுக்கப்பட்டுவிட்டன என்பதால்தான், இந்தப் படத்தில் ஒருத்தி நகர்ந்தால் அவளுடைய இடத்துக்கு இன்னொருத்தி தானாக வந்து சேருகிறாள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விலங்கியல் ஆய்வாளர்களான பெற்றோருடன் பன்னிரண்டு ஆண்டுகள் ஆப்பிரிக்காவில் வாழ்ந்து, வீட்டிலேயே பாடம் படித்த கேடி ஹெரன் என்னும் பதினாறு வயதுப் பெண், இலினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் ஊரில் முதன்முறையாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். முதல் நாள் மதிய உணவை அவள் கழிப்பறைக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். உணவுக்கூடத்தில் நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த நாற்காலியும் அவளுக்கானதாக இல்லை. பள்ளியில் ஒதுக்கப்பட்டவளான ஜேனிஸ் என்ற பெண் மறுநாள் அவளுக்கு ஒரு வரைபடம் வரைந்து தருகிறாள். வகுப்பறைகளோ நூலகமோ அதில் முக்கியமில்லை. உணவுக்கூடத்தில் எந்த மேசையில் எந்தக் கூட்டம் உட்காரும் என்பதே அதில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள், விளையாட்டு வீரர்கள், இசைக்குழுவினர், படிப்பாளிகள், எதையும் சாப்பிடாத பெண்கள், கவலைக்குச் சாப்பிடும் பெண்கள் என்று மேசைகள் நீள்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே ரெஜினா, கிரெட்சன், கேரன் ஆகிய மூவரும் உட்காரும் மேசை இருக்கிறது. பள்ளி இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் ‘பிளாஸ்டிக்ஸ்’. ஜேனிஸின் தூண்டுதலால் அந்த மூவரை உளவு பார்க்க நுழையும் கேடி, மெல்ல மெல்ல அவர்களில் ஒருத்தியாகவே ஆகிவிடுகிறாள்.

அந்த மேசையின் சட்டங்கள் கவனிக்கத்தக்கவை. புதன்கிழமைகளில் இளஞ்சிவப்பு உடுத்த வேண்டும். கையில்லாத மேலாடையை அடுத்தடுத்து இரண்டு நாள் அணியக் கூடாது. குதிரைவால் பின்னல் வாரத்துக்கு ஒருமுறைதான். ஜீன்ஸுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் அனுமதி. மீறினால் அடியோ அபராதமோ கிடையாது. அன்றைக்கு மதியம் அந்த மேசையில் இடமில்லை, அவ்வளவுதான். தண்டனை இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று பெரியவர்களுக்குத் தோன்றும். முப்பது நாற்பது பேர் கொண்ட வகுப்பில் பல்லாண்டுகள் நின்று பார்த்தவளாகச் சொல்கிறேன்: பதினைந்து வயதில் அதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை. மதிப்பெண் குறைந்ததற்கு அழாத பெண், “உன் கூட நாங்க சாப்பிட மாட்டோம்” என்ற ஒரு வார்த்தைக்காக மூன்று நாள் பள்ளிக்கு வராமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சட்டங்கள் யாருடைய சொத்து என்பதைப் படம் பிற்பாதியில் ஒரே காட்சியில் காட்டிவிடுகிறது. உடல் இளைக்கும் என்று நம்பவைத்து, உடல் பெருக்கவைக்கும் சத்துக் கட்டிகளைக் கேடி ரெஜினாவுக்குக் கொடுத்துவருகிறாள். எந்த உடையும் பற்றாமல் போன ரெஜினா, ஒரு திங்கட்கிழமை தொளதொளப்பான கால்சட்டையோடு மேசைக்கு வருகிறாள். அது விதிமீறல் என்கிறார்கள் தோழியர். அந்த விதியெல்லாம் உண்மையில்லை என்று ரெஜினா சமாளிக்கிறாள். நான் தப்பான உடை போட்டுவந்த அன்றைக்கு அது உண்மையாகத்தானே இருந்தது என்று பதில் வருகிறது. இங்கே உட்காராதே என்ற வார்த்தை, அதைச் சொல்லிச் சொல்லியே ஆட்சி செய்தவள் மேல் திரும்பி விழுகிறது. அவள் சாப்பாட்டுத் தட்டோடு நகர்கிறாள். மேசை அங்கேயே இருக்கிறது, விதியும் இருக்கிறது, தலைமை இடத்தில் இப்போது கேடி இருக்கிறாள். இந்தக் காட்சியில் அரங்கம் சிரிக்கும். சிரித்த பிறகு யோசித்தால், ரெஜினாவுக்கும் அந்த மேசை சொந்தமாக இருந்ததில்லை என்பது புரியும்.

இன்னொன்றையும் இந்தப் படம் மிகச் சரியாகப் பிடித்திருக்கிறது. பள்ளியில் செல்வாக்குள்ளவர்கள் என்றால் எல்லாராலும் விரும்பப்படுகிறவர்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வளரிளம் பருவத்தினரை ஆராயும் உளவியலாளர்கள், ‘உனக்கு யாரைப் பிடிக்கும்’ என்று ஒரு கேள்வியையும், ‘வகுப்பில் செல்வாக்கு யாருக்கு’ என்று இன்னொரு கேள்வியையும் தனித்தனியே கேட்டுப் பார்த்து, இரண்டுக்கும் ஒரே பெயர்கள் வருவதில்லை என்று கண்டிருக்கிறார்கள். அன்பாகப் பழகுபவர்கள் ஒரு பட்டியலில் வர, மற்றதில் அச்சமூட்டுபவர்களும் இடம்பிடிக்கிறார்கள். படத்தின் தொடக்கத்தில் மாணவர்கள் ஒவ்வொருவராக ரெஜினாவைப் பற்றிச் சொல்லும்போது, ஒரு பெண் “அவள் ஒருமுறை என் முகத்தில் குத்தினாள்” என்று பூரிப்போடு சொல்கிறாள். அடிபட்டது அவளுக்குக் கௌரவம்! அதேபோல், ரெஜினாவை அவமானப்படுத்துவதற்காக அவளுடைய மேல்சட்டையில் மார்புப் பகுதியில் இரண்டு வட்டங்களை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அவள் ஒரு கணம் பார்த்துவிட்டு அதை அப்படியே அணிந்து நடக்கிறாள். அடுத்து பள்ளியின் மற்ற பெண்கள் தங்கள் சட்டைகளையும் அப்படியே வெட்டிக்கொண்டு வருகிறார்கள். எது அழகு என்பது செய்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது என்று இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடும் இடம் அது.

இந்தப் படம் வெளிவந்த அதே 2004ஆம் ஆண்டில், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் குழுக்களைப் பற்றி ஒரு சமூகவியல் நூலும் வெளிவந்தது. எழுதியவர் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மர்ரே மில்னர். அவர் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு எழுதிய நூல் இந்தியச் சாதி அமைப்பைப் பற்றியது என்பதை நம் வாசகர்கள் அறிய வேண்டும். சாதியை ஆராய்ந்து அவர் உருவாக்கிய கருத்துகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் அமெரிக்கப் பள்ளிக்கூடத்தின் உணவுக்கூடத்துக்குள் நுழைந்தார். அவர் பார்வையில், மதிப்பு என்பது ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்கியே தீர வேண்டிய சரக்கு. எல்லாருக்கும் கூட்டிக்கொடுக்க முடியாது. அதனால் மேலே இருப்பவர் மேலேயே இருக்க வேண்டுமென்றால் கீழே இருப்பவரைத் தள்ளிவைத்தபடியே இருக்க வேண்டும். யாரோடு சேர்கிறோம் என்பதால் மதிப்பு ஏறவும் இறங்கவும் செய்கிறது. அதிலும் நெருக்கமான சேர்க்கைகளான உணவும் காதல், மண உறவும்தான் மிகக் கடுமையாகக் காவல் காக்கப்படுகின்றன. விதிகள் அடிக்கடி மாற்றப்படுவதும், மேலும் மேலும் நுணுக்கமாக்கப்படுவதும், கீழே இருப்பவர் பார்த்துப் பழகி மேலே வந்துவிடாமல் இருப்பதற்காகவே. புதன்கிழமை இளஞ்சிவப்பு ஏன் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு சாப்பிடுவது என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்பதைத் தமிழர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் சிலருக்குத் தனியே சாப்பாடு போடப்பட்டது தொடர்பாக 1920களில் எழுந்த போராட்டம் தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியது. ஆனால் மில்னரின் ஒப்பீட்டை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. எவன்ஸ்டன் பள்ளியின் மேசை பிறப்பால் வருவதன்று. பதினெட்டு வயதில் பள்ளியை விட்டு வெளியேறினால் அதுவும் விலகிவிடும். அதற்குப் பின்னால் நிலமும் ஊரும் அரிவாளும் கிடையாது. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது எந்த நகைச்சுவைப் படத்துக்கும் அடங்காத விஷயம். அதையும் இதையும் ஒன்றாக்கினால் நம் துன்பத்தைச் சிறுமைப்படுத்தியதாகிவிடும். இந்த எல்லையை மறக்காமல் பார்த்தால், மதிப்பு எந்த வழியில் இயங்குகிறது என்பதைக் காண அந்தப் படம் உதவும்.

சரி, பிள்ளைகள் ஏன் இப்படி ஆகிறார்கள்? இங்கேதான் பெரியவர்களின் பங்கு வருகிறது. அமெரிக்காவில் 1910 வாக்கில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட உயர்நிலைப் பள்ளியை முடிக்கவில்லை. 1940இல் ஏறத்தாழப் பாதிப் பேர் முடித்தார்கள். வயலிலும் பட்டறையிலும் கடையிலும் பெரியவர்களோடு கலந்திருந்த வயதினர், ஒரு தலைமுறைக்குள் தங்கள் வயதினரோடு மட்டும் நாள் முழுவதும் ஒரு கட்டடத்துக்குள் வாழத் தொடங்கினார்கள். ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் 1950களின் இறுதியில் இதே இலினாய் மாநிலத்தில் பத்துப் பள்ளிகளை ஆராய்ந்து 1961இல் நூலாக வெளியிட்டார். பள்ளியில் உன்னை எப்படி நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று மாணவர்களைக் கேட்டார். ஆண் பிள்ளைகள் விளையாட்டு வீரன் என்ற பெயரையே முதலில் நாடினார்கள். சிறந்த மாணவன் என்ற பெயருக்கு அவ்வளவு மவுசு இல்லை. பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு தனிச் சமூகத்தையும் தனி அளவுகோலையும் உண்டாக்கிக்கொண்டார்கள் என்றும், அதற்கு அவர்களைத் தனியே அடைத்துவைத்த ஏற்பாடே காரணம் என்றும் அவர் எழுதினார். மில்னரும் பின்னாளில் அதையொட்டிய கருத்தையே சொன்னார்: பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை, பாடத்திட்டத்தில் ஒரு வரியை மாற்றும் உரிமையும் இல்லை, ஒருவரையொருவர் மதிப்பதும் அவமதிப்பதும் மட்டுமே அவர்கள் கையில் விடப்பட்ட அதிகாரம். அதை அவர்கள் முழு மூச்சோடு பயன்படுத்துகிறார்கள். ரெஜினாவைப் பார்த்து “என்ன பெண் இவள்” என்று தலையில் அடித்துக்கொள்ளும் பெற்றோர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படத்தில் ஆசிரியர்களுக்கான பாடமும் இருக்கிறது. பள்ளியில் உள்ளவர்களைப் பற்றி எழுதப்பட்ட அவதூறுகளைத் தொகுத்து அந்த மூவரும் ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள். ரெஜினா அதில் தன் படத்தையும் ஒட்டிக்கொண்டு, பழி மற்றவர்கள் மேல் விழும்படி பக்கங்களைப் படியெடுத்துத் தாழ்வாரமெங்கும் வீசுகிறாள், பள்ளி அமளிக்காடாகிறது. மாணவியர் அனைவரும் உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டப்படுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு, உங்களைப் பற்றி யாராவது புறம் பேசியதுண்டா, கையைத் தூக்குங்கள் என்கிறார் கணித ஆசிரியை. எல்லாக் கைகளும் உயர்கின்றன. கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்க்கச் சொல்கிறார். மறுபடி மூடச் சொல்லி, நீங்கள் உங்கள் தோழியைப் பற்றிப் புறம் பேசியதுண்டா என்று கேட்கிறார். அப்போதும் அத்தனை கைகளும் உயர்கின்றன. யார் குற்றவாளி என்று விசாரணை வைத்திருந்தால் ஒருத்தியின் பெயர் கிடைத்திருக்கும், மற்ற எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். பணியில் இருந்த காலத்தில் நாங்கள் பெரும்பாலும் செய்தது அந்த விசாரணையைத்தான்.

முடிவைப் பற்றி மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. பள்ளி விழாவில் இளவேனில் அரசியாகத் தேர்ந்தெடுக்கப்படும் கேடி, தலையில் வைத்த கிரீடத்தை உடைத்துத் துண்டுகளை மற்றப் பெண்களிடம் வீசுகிறாள், எல்லாரும் கைதட்டுகிறார்கள். அடுத்த பருவத்தில் எல்லாம் சரியாகிவிட்டதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் படமே தன்னை மறந்து உண்மையைச் சொல்லிவிடுகிறது. ரெஜினா லக்ரோஸ் விளையாட்டு அணியில் தன் ஆவேசத்தைச் செலவழிக்கிறாள். கிரெட்சன் வேறொரு மேசைக்குப் போய் அங்கே இன்னொரு தலைவிக்குத் துணையாகிறாள். கீழ் வகுப்பில் புதிய மூவர் நிமிர்ந்து நடந்து வருகிறார்கள். ஆட்கள் இடம் மாறினார்கள், மேசைகள் அப்படியே இருக்கின்றன. இந்த விஷயத்தில் 1985இல் ஜான் ஹியூஸ் இயக்கிய ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ நேர்மையானது. அதுவும் இலினாயில் நடக்கும் கதை. சனிக்கிழமை தண்டனைக்காக நூலகத்தில் உட்காரவைக்கப்பட்ட ஐந்து பேர், ஐந்து வெவ்வேறு குழுக்களைச் சேர்ந்தவர்கள், மாலைக்குள் மனம் விட்டுப் பேசிவிடுகிறார்கள். திங்கட்கிழமை பள்ளித் தாழ்வாரத்தில் பார்த்தால் நாம் நண்பர்களாக இருப்போமா என்று அவர்களில் படிப்பாளியான பையன் கேட்கிறான். செல்வாக்கான பெண், மாட்டோம் என்று நினைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறாள். அந்தப் பதிலுக்குப் பிறகு அங்கே நடக்கும் அழுகையும் சண்டையும் எத்தனை கிரீடங்களை உடைத்தாலும் வராது.

தங்கள் இணைப்பு எச்சரித்திருக்க வேண்டிய இரண்டு விஷயங்களும் உண்டு. பள்ளியின் விளையாட்டுப் பயிற்றுநர் மாணவியரோடு தகாத உறவு வைத்திருப்பதைப் படம் நகைச்சுவையாகக் கடந்து செல்கிறது. அது குழந்தைகள் மீதான குற்றம். சிரித்துவிட்டுப் போகக்கூடிய இடமன்று. ஆசிய மாணவர்களுக்கும் கறுப்பின மாணவியருக்கும் தனித்தனி மேசை போட்டு, ஒரு வரி நக்கலோடு விட்டுவிடுவதும், ஆப்பிரிக்கா என்ற ஒரு கண்டத்தையே ஒரு காடாக்கிக் காட்டுவதும் அன்றைக்குச் சாதாரணமாகத் தோன்றியிருக்கலாம். இன்றைக்குப் பார்க்கும் பிள்ளையிடம் நின்று பேச வேண்டியவை. அமெரிக்காவில் இப்படத்துக்கு அளிக்கப்பட்ட சான்றிதழ், பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் விஷயத்தில் பெற்றோர் கவனமாக இருக்கும்படி சொல்கிறது. தங்கள் பட்டியலில் வயதே குறிப்பிடப்படவில்லை.

2018இல் இந்தப் படம் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் இசை நாடகமானது. அந்த நாடகம் 2024இல் மறுபடி படமாகியது. அதில் கைப்பேசியும் காணொளிகளும் வந்துவிட்டன. பழைய படத்தில் ரெஜினா ஒருத்தியைத் தொலைபேசியில் பேசவைத்து, இணைப்பில் இன்னொருத்தியை ஒளித்துவைத்துக் கேட்கவைக்கும் காட்சியைப் பார்த்த என் பேத்தி, இப்போது அதற்கு யாரும் அவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை, பேசியதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும் என்றாள். முன்பெல்லாம் பள்ளி மணி அடித்ததும் அந்த மேசையிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்துவிட முடிந்தது. இப்போது இரவு பதினொரு மணிக்கும் ஒரு பெண் குழுவிலிருந்து நீக்கப்படலாம். பக்கத்து அறையில் இருக்கும் தாய்க்கு அது தெரியவே தெரியாது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிப் பருவத்தைப் பற்றிய அயல்நாட்டுப் படங்களை அறிமுகப்படுத்தும்போது, படம் எந்த ஊரில், எந்தப் பள்ளி முறையில் நிகழ்கிறது என்பதற்கு நான்கு வரியும், எந்த வயதுக்கு ஏற்றது என்பதற்கு ஒரு வரியும், பார்த்து முடித்த பின் வீட்டில் பேசத்தக்கது எது என்பதற்கு ஒரு பத்தியும் ஒதுக்குங்கள். இயன்றால் இப்படத்தைப் பற்றியே, இப்போது பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை எழுதச் சொல்லி வெளியிடுங்கள். தங்கள் பள்ளியின் உணவு நேரத்தை அவர்கள் எப்படி வரைவார்கள் என்று படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளி ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.